காலைச் சீரியல்: பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டில் பாருங்கள்



உணவும் உடல்நலமும் பற்றி வானொலியில் பேசும்போதெல்லாம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளையளுக்குக் காலமை குடுக்க எந்தச் சீரியல் நல்லது?" என்பதே அது. சென்ற மாத நிகழ்ச்சியில் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டார்கள். ஒருவர் இளம் தாய். இன்னொருவர் இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் தந்தை. மூன்றாமவர் பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவைக்கும் அம்மம்மா. அவருக்குச் சலரோகமும் இருக்கிறது. நேரம் போதாமையால் அன்று சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. அதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சீரியல் என்றதும் இரவில் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரை நினைப்பவர்களும் எம்மிடையே உண்டு. அந்தச் சீரியலின் நன்மை தீமைகளை இன்னொரு மாதம் பார்ப்போம். இங்கே சொல்வது பாலூற்றிச் சாப்பிடும் தானிய உணவைப் பற்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இந்தக் கம்பனியின் இந்தப் பெட்டியை வாங்குங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. கம்பனிகள் தங்கள் சேர்மானத்தை அடிக்கடி மாற்றுகின்றன. இன்று நல்லது என்று நான் சொல்வது அடுத்த வருடம் வேறாக இருக்கலாம். அதற்குப் பதிலாக, எந்தப் பெட்டியையும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கும் முறையைச் சொல்லித் தருகிறேன். அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இலக்கம் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

அங்கே வந்த பொதியும் இங்கே வாங்கும் பெட்டியும்

ஊரில் பொதியில் வந்த சத்துணவு என்றால் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது திரிபோஷா. எழுபதுகளிலிருந்து இலங்கையின் சுகாதார சேவை கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்துவரும் மா அது. சோளமும் சோயாவும் பால்மாவும் அடிப்படை. அதனுடன் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்க்கப்பட்டன. கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பார்த்து, அட்டையில் குறித்து, மருத்துவமாது கையில் தந்த பொதி. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்துக் குழைத்து உருண்டை பிடித்துத் தருவார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த காலங்களில் பல வீடுகளில் பிள்ளைகளின் பசியை ஆற்றியதும் அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொதியில் அடைத்து வரும் தானிய உணவு என்றாலே சத்தானது என்ற நம்பிக்கை எங்களில் பலரிடம் ஆழமாக இருக்கிறது. சுகமில்லாதவரைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போகும்போது ஹோர்லிக்ஸ் போத்தல் கொண்டுபோன தலைமுறை நாங்கள். அந்த நம்பிக்கைக்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. திரிபோஷாவை எங்கள் கைக்குத் தந்தவர் பிள்ளையின் நிறையைப் பார்த்த ஒரு சுகாதார ஊழியர். இங்கே கடைத் தட்டில் இருக்கும் பெட்டியை எங்கள் கைக்குத் தருவது விளம்பரம். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது.

சீரியலின் வரலாறும் இதையே காட்டுகிறது. கோர்ன் ஃபிளேக்ஸ் பிறந்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பட்டில் கிரீக் என்ற ஊரில் இருந்த ஒரு சுகவாச நிலையத்தில். அங்கே வைத்தியராக இருந்த ஜோன் ஹார்வி கெலொக் நோயாளர்களுக்கு இலகுவாகச் செரிக்கும் உணவைத் தேடினார். அவருடைய தம்பி வில் கீத் கெலொக் 1906 இல் அதை விற்பதற்குத் தனியாகக் கம்பனி தொடங்கினார். ருசிக்காகச் சீனி சேர்ப்பது பற்றி அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே மனஸ்தாபம் இருந்தது. நோயாளியின் உணவாகத் தொடங்கியது வியாபாரப் பொருளாக மாறிய கதை இது. நல்ல சீரியலும் உண்டு, மிட்டாய்க்கு அயலில் நிற்கும் சீரியலும் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

முன்பக்கம் பேசுவது என்ன?

பெட்டியின் முன்பக்கம் கம்பனியின் விளம்பரப் பலகை. அங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. பொய் எழுதச் சட்டம் விடாது. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. சில உதாரணங்கள் சொல்கிறேன்.

"முழுத்தானியம் கொண்டது" என்று எழுதியிருக்கும். உண்மையாக இருக்கலாம். அதே பெட்டியில் நூற்றுக்கு முப்பது பங்கு சீனியும் இருக்கலாம்.

"விற்றமின்களும் இரும்புச்சத்தும் சேர்க்கப்பட்டது" என்று எழுதியிருக்கும். இது பயனற்றது அல்ல. மச்சம் மாமிசம் சாப்பிடாத வீடுகளில் விற்றமின் பி12 கிடைக்கும் வழிகள் குறைவு. சேர்க்கப்பட்ட சீரியல் அவற்றில் ஒன்று. ஆனால் விற்றமின் தூவியதால் சீனி காணாமல் போய்விடாது. இன்னொன்று: "ஓர்கானிக்" என்று எழுதிய சீரியல்களில் பொதுவாக விற்றமின் சேர்க்கப்படுவதில்லை. விலை கூடியது என்பதற்காக எல்லாமே கூடுதலாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

"தேன் சேர்ந்தது" என்று தேனீயின் படம் போட்டிருக்கும். தேனை நாங்கள் மருந்தாகவே பார்த்துப் பழகியவர்கள். ஆனால் சீரியலில் ஊற்றிய தேனை இரத்தம் சீனியாகத்தான் கணக்கில் எடுக்கும். இங்கிலாந்துச் சுகாதார சேவையின் கணக்கிலும் தேன் சீனியோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

கீழிருந்து எண்ணுங்கள்

இப்போது பெட்டியைத் திருப்புங்கள். பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ சிறிய எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதுதான் எங்களுக்குத் தேவை. அதில் குறைந்தது இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்றின் தலையில் "100" என்ற இலக்கம் இருக்கும். 100 கிராமில் என்ன இருக்கிறது என்பது அதன் பொருள். மற்றது ஒரு தடவை பரிமாறும் அளவுக்கானது. அதில் 30 அல்லது 40 என்று இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது 100 என்று எழுதிய நிரலை மட்டும். ஒவ்வொரு கம்பனியும் பரிமாறும் அளவை வேறு வேறாகச் சொல்வதால், 100 கிராம் நிரலை வைத்துத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

அட்டவணையின் வரிகள் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்பதைச் சட்டமே தீர்மானித்திருக்கிறது. மேலே சக்தி, அடுத்துக் கொழுப்பு, அதில் நிறைவுற்ற கொழுப்பு, மாச்சத்து, அதில் சீனி, பிறகு நார்ச்சத்து, புரதம், கடைசியில் உப்பு. விற்றமின்கள் இருந்தால் உப்புக்குக் கீழே தனியாக வரும். எனவே உப்பு வரியைக் கண்டுபிடித்துக் கீழிருந்து மேலே எண்ணுங்கள்: ஒன்று உப்பு, இரண்டு புரதம், மூன்று நார், நான்கு சீனி. நார்ச்சத்தை எழுதுவது கட்டாயமில்லை என்றாலும் அநேகமான சீரியல் பெட்டிகளில் எழுதுகிறார்கள்.

இந்த ஒழுங்கு 2011 ஆம் ஆண்டின் ஐரோப்பிய உணவுத் தகவல் சட்டத்திலிருந்து வந்தது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னும் இங்கே அதுவே நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பிரான்சிலோ ஜேர்மனியிலோ நோர்வேயிலோ இருக்கும் உங்கள் உறவினருக்கும் இதே முறையைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கலாம். மொழி மாறும், வரியின் ஒழுங்கு மாறாது.

முதலாவது எண்: சீனி

இங்கிலாந்தின் போக்குவரத்து விளக்கு நிற அளவுகோலின்படி, 100 கிராமில் சீனி 5 கிராம் அல்லது அதற்குக் குறைவு என்றால் பச்சை. 22.5 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. இடைப்பட்டது மஞ்சள். சில கம்பனிகள் இந்த நிறங்களை முன்பக்கத்திலேயே போடுகின்றன. அது கட்டாயம் இல்லாததால் சில போடுவதில்லை. நிறம் இல்லாவிட்டால் நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

கடைத் தட்டில் நான் பார்த்த சில பெட்டிகளின் எண்களை ஏறத்தாழச் சொல்கிறேன். ஷ்ரெட்டட் வீற் எனப்படும் வெறும் கோதுமைத் துண்டுகளில் ஒரு கிராமிலும் குறைவு. வெறும் ஓட்ஸில் ஒரு கிராம் அளவு. வீற்றாபிக்ஸில் 4 கிராம் சொச்சம். கோர்ன் ஃபிளேக்ஸில் 8 கிராம். சீனிப் பூச்சுப் பூசிய ஃப்ரொஸ்ரீஸில் 37 கிராம்.

37 கிராம் என்பதைச் சமையலறைக் கணக்கில் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம் அளவு. பெட்டியில் சொல்லும் 30 கிராமைச் சாப்பிட்டால் 11 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டிக்குக் கிட்ட. பிள்ளை தானே கொட்டிக்கொள்ளும்போது 60 கிராம் போட்டால் 22 கிராம். ஐந்து தேக்கரண்டிக்கு மேல். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு முழு நாளைக்கான உச்ச அளவே 19 கிராம் என்கிறது சுகாதார சேவை. ஏழு முதல் பத்து வயதுக்கு 24 கிராம். பதினொரு வயதிலிருந்து பெரியவர்கள் வரை 30 கிராம். பாடசாலை மணி அடிக்கும் முன்பே அந்தச் சின்னப் பிள்ளையின் அன்றைய கணக்கு முடிந்து கடனும் வைத்துவிடுகிறது.

எண்கள் மாறும் என்று முன்பு சொன்னேன். கொக்கோ பொப்ஸ் அதற்கு நல்ல உதாரணம். 100 கிராமுக்கு 30 கிராமாக இருந்த அதன் சீனி 2018 இல் 17 கிராமாகக் குறைக்கப்பட்டது. அரசும் பெற்றோரும் கொடுத்த அழுத்தத்துக்குப் பலன் இருந்தது. ஆனாலும் 17 கிராம் என்பது இன்னும் பச்சை அல்ல.

இன்னொரு சம்பவமும் அறிந்திருக்க வேண்டியது. சீனி, உப்பு, கொழுப்பு கூடிய உணவுகளைப் பெரிய கடைகளின் வாசலிலும் காசு கட்டும் இடத்திலும் தட்டுகளின் முனையிலும் வைக்கக்கூடாது என்ற விதி 2022 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் கெலொக்ஸ் கம்பனி நீதிமன்றம் போனது. சீரியலைப் பாலூற்றித்தான் சாப்பிடுகிறார்கள், ஆகவே பாலின் சத்தையும் சேர்த்தே கணிக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். அந்த ஆண்டு யூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பால் சேர்ப்பதால் சீரியலில் இருக்கும் சீனி குறைந்துவிடாது என்பதை எங்கள் அம்மம்மாமார் நீதிமன்றம் போகாமலே சொல்லியிருப்பார்கள்.

சீனி எண்ணில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம் முதலியவை கலந்த மியூஸ்லியில், வேறு சீனி எதுவும் சேர்க்காவிட்டாலும் எண் 15 கிராம் அளவுக்குப் போகலாம். அது பழத்தின் சீனி. அப்படியான பெட்டியை எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாமல் சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். பட்டியல் நிறையின்படி வரும்: கூட இருப்பது முதலில், குறைய இருப்பது கடைசியில். முதல் மூன்று பெயர்களுக்குள் சீனியோ குளுக்கோஸ் சிரப்போ தேனோ வந்தால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடலாம். கிரனோலா என்று விற்பது பெரும்பாலும் எண்ணெயும் சீனிப்பாகும் கலந்து வாட்டிய ஓட்ஸ். பெயரில் ஆரோக்கியம் இருக்கும். எண்ணைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது எண்: நார்

சீனி குறைவாக இருந்தால் மட்டும் போதாது. அரிசிப் பொரி போன்ற சீரியலிலும் கோர்ன் ஃபிளேக்ஸிலும் சீனி அவ்வளவு அதிகமில்லை. ஆனால் அவற்றின் மாச்சத்து வெகு விரைவாகச் சீனியாக மாறி இரத்தத்தில் ஏறும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளைக்குத் திரும்பப் பசிக்கும். காரணம், தானியத்தின் தவிடும் நாரும் அங்கே குறைவு.

100 கிராமில் 3 கிராம் நார் இருந்தால் "நார் உண்டு" என்று எழுதச் சட்டம் அனுமதிக்கிறது. 6 கிராம் இருந்தால்தான் "நார் அதிகம்" என்று எழுதலாம். நீங்கள் தேட வேண்டியது 6 அல்லது அதற்கு மேல். வீற்றாபிக்ஸில் 10 கிராம் அளவு இருக்கிறது. ஓட்ஸில் 9 அளவு. கோர்ன் ஃபிளேக்ஸில் 3 அளவு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் நார் தேவை என்பது இங்குள்ள பரிந்துரை.

ஓட்ஸுக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அதில் பீற்றா குளூக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் சாப்பிட்டால் இரத்தக் கொலஸ்ரரோலைக் குறைக்க உதவும் என்பது ஆய்வுகளால் ஏற்றுக்கொள்ளப்பட்டு, பெட்டியில் எழுதவும் அனுமதிக்கப்பட்டது. ஓட்ஸ் வாங்கும்போது தட்டையான முழுச் செதில்களாக இருப்பதை வாங்குங்கள். சிறு பைகளில் ருசி சேர்த்து விற்கும் உடனடி ஓட்ஸில் செதில் பொடியாக்கப்பட்டிருக்கும், சீனியும் சேர்ந்திருக்கும். கடைகளின் சொந்தப் பெயரில் விற்கும் ஒரு கிலோ வெறும் ஓட்ஸ், அதே தட்டில் இருக்கும் மிக மலிவான சாமான்களில் ஒன்று. கையில் காசு குறைந்த குடும்பத்துக்கும், புதிதாக வந்து அகதிக் கொடுப்பனவில் வாழும் குடும்பத்துக்கும், நல்ல சீரியல் எட்டாத பொருள் அல்ல.

மூன்றாவது எண்: உப்பு

இனிப்புச் சீரியலில் உப்பா என்று கேட்பீர்கள். ருசியைத் தூக்கிக் காட்டச் சேர்க்கிறார்கள். 100 கிராமில் 0.3 கிராமுக்குள் என்றால் பச்சை, 1.5 கிராமுக்கு மேல் சிவப்பு. வீற்றாபிக்ஸ் 0.28 அளவு, கோர்ன் ஃபிளேக்ஸ் 1.1 அளவு. பிரஷர் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 6 கிராம், நான்கு முதல் ஆறு வயதுக்கு 3 கிராம் என்பது உச்ச அளவு. மத்தியானக் கறியிலும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் எவ்வளவு உப்புப் போடுகிறோம் என்பது எங்களுக்கே தெரியும். காலையில் அதை மிச்சம் பிடிப்பது நல்லது.

ஆகச் சுருக்கமாக: சீனி 5 க்குக் கிட்ட, நார் 6 க்கு மேல், உப்பு ஒன்றுக்குக் கீழ். இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு போடுகிறோம்?

ஒரு நாள் மட்டும் ஒரு பரிசோதனை செய்யுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் கோப்பையில் வழக்கம்போலச் சீரியலைக் கொட்டுங்கள். பிறகு பாலூற்றும் முன் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பெட்டி சொல்லும் 30 கிராமைவிட இரண்டு மடங்கு இருப்பது புதினமல்ல. கோப்பையைச் சின்னதாக மாற்றினால் பிள்ளையோடு சண்டை பிடிக்காமலே அளவு குறையும்.

சலரோகம் உள்ளவர்களுக்கு

தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சலரோகம் வரும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அதுவும் இளவயதிலும், குறைந்த உடல்நிறையிலுமே வருகிறது. அதனால்தான் உடல்நிறைச் சுட்டெண் எங்களுக்கு 23 ஐத் தாண்டினாலே கவனம் என்கிறார்கள். வெள்ளையர்களுக்கு அது 25. ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு வராது என்று எங்களில் யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் காலைக் கோப்பை ஒரு சின்ன விடயம் அல்ல. வருடத்தில் 365 தரம் அதைச் சாப்பிடுகிறோம்.

சலரோகம் உள்ளவர்கள் சீனி எண்ணோடு நார் எண்ணையும், போடும் அளவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 40 கிராம் முழுச்செதில் ஓட்ஸைத் தண்ணீரிலோ பாலிலோ காய்ச்சி, மேலே சில வறுத்த கச்சானோ ஒரு கரண்டி தயிரோ சேர்த்தால் சீனி மெதுவாக ஏறும். பனங்கட்டியோ தேனோ போட்டால் ஓட்ஸின் நன்மையில் பாதி போய்விடும். கறுவாத்தூள் கொஞ்சம் தூவினால் சீனி இல்லாமலே ருசி வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலின் போடுபவர்களும், இரத்தச் சீனியைக் கூடுதலாகக் குறைக்கக்கூடிய குளிசை எடுப்பவர்களும் காலை உணவைத் திடீரென்று மாற்றினால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். முதலில் உங்கள் சலரோகத் தாதியிடமோ வைத்தியரிடமோ கதையுங்கள். சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்கள் தவிட்டுச் சீரியல்களைத் தொடங்கும் முன் கட்டாயம் கேளுங்கள்; தவிட்டில் பொட்டாசியமும் பொஸ்பரஸும் அதிகம்.

பிள்ளைகளுக்கு

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கச்சானோ பாதாமோ உள்ள மியூஸ்லி கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும். இரண்டு வயது வரை முழுக்கொழுப்புப் பால் கொடுங்கள். அந்த வயதில் வயிறு சிறியது; நார் நிறைந்த சீரியலை மட்டுமே கொடுத்தால் வயிறு நிரம்பிவிடும், தேவையான சக்தி போய்ச்சேராது.

இனிப்புக்குப் பழகிய பிள்ளையை ஒரே நாளில் மாற்ற முடியாது. நான் பலருக்குச் சொல்லிப் பலன் தந்த வழி இது. முதல் கிழமை இனிப்புச் சீரியல் முக்கால் பங்கு, வெறும் சீரியல் கால் பங்கு. அடுத்த கிழமை அரைக்கரைவாசி. மூன்றாம் கிழமை கால் பங்குதான் இனிப்பு. நான்காம் கிழமை வாழைப்பழத் துண்டுகளோடு வெறும் சீரியல். நாக்கும் பிள்ளையைப் போல்தான். அவசரப்படுத்தினால் அடம்பிடிக்கும், மெதுவாகச் சொன்னால் கேட்கும்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: சீரியலோடு பால்தேநீர் குடிப்பது எங்கள் வழக்கம். தேநீர், சீரியலில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். இரத்தம் குறைவு என்று வைத்தியர் சொன்ன பெண்கள் தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். ஒரு தோடம்பழமோ சில ஸ்ரோபரிப் பழங்களோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும்.

சைவ உணவுக்காரர்கள் சேர்மானப் பட்டியலில் ஜெலற்றின் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாடு அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது அது. மாஷ்மெலோ கலந்த சீரியல்களிலும், சீனிப் பூச்சுள்ள சிலவற்றிலும் சேர்க்கப்படுவதுண்டு. பச்சை நிற இலைக் குறியோ சைவம் என்ற குறிப்போ இருந்தால் பிரச்சினையில்லை.

எங்கள் சாப்பாடு என்னாவது?

சீரியல்தான் சாப்பிட வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. அவித்த கடலை, பயறு, கீரை ரொட்டி, மீன் சொதியோடு குரக்கன் புட்டு எல்லாமே நல்ல காலைச் சாப்பாடு. குரக்கனில் சுண்ணச்சத்து மற்றத் தானியங்களைவிடப் பல மடங்கு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் எங்கள் உணவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. வெள்ளைமா இடியப்பம் பத்தும் வெள்ளைப் பாண் சம்பலும் நார் எண்ணில் கோர்ன் ஃபிளேக்ஸைவிடப் பெரிதாக வெல்லாது. குரக்கனையும் மிக மெல்லிய மாவாக அரைத்துச் சீனி போட்டுக் கூழாகக் குடித்தால் இரத்தச் சீனி விரைவாகத்தான் ஏறும். தமிழ்க் கடையில் வாங்கும் சிவப்பரிசிமாப் பைக்கும் சத்துமாப் பைக்கும் பின்பக்கத்தில் இதே அட்டவணை இருக்கிறது. அதே மூன்று எண்களை அங்கேயும் பாருங்கள். ஓட்ஸை வறுத்து இடித்து அரிசிமாவோடு பாதிக்குப் பாதி கலந்து புட்டவித்துப் பாருங்கள். தேங்காய்ப்பூவோடு நன்றாகவே வரும்.

இந்தச் சனிக்கிழமை

எங்கள் வீடுகளில் ஆங்கிலக் கடிதம் வந்தால் வாசிப்பது பிள்ளை. வைத்தியரிடம் மொழிபெயர்ப்பதும் பிள்ளை. கடையில் பெட்டியைத் தெரிவு செய்வதும் அதே பிள்ளைதான்; கார்ட்டூன் போட்ட பெட்டியைத் தூக்கி "இது நல்லதாம் அம்மா, இதில எழுதியிருக்கு" என்றால் மறுத்துப் பேச எங்களுக்கு வழி இருப்பதில்லை. இங்கே ஒரு வழி இருக்கிறது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

தமிழ்ப் பாடசாலை முடிந்து கடைக்குப் போகும்போது பிள்ளையிடம் ஐந்து பெட்டிகளை எடுத்து வரச் சொல்லுங்கள். 100 என்ற நிரலில் சீனி, நார், உப்பு மூன்றையும் அவர்களே வாசிக்கட்டும். எந்தப் பெட்டி முதலாவதாக வருகிறது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். தானே கண்டுபிடித்த பெட்டியைப் பிள்ளை சாப்பிடாமல் விடுவது குறைவு. அடுத்த நிகழ்ச்சியில் அழைத்து உங்கள் ஐந்து பெட்டிகளின் எண்களைச் சொல்லுங்கள். எல்லா நேயர்களும் கேட்டுப் பயன்பெறட்டும்.